பழம் போட்டாலும் சாராயம் சாராயம்தான்!

சித்தூர் எல்லையில் ஓயாத ஒரு பானையின் கதை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சித்தூர் வட்டாரத்தில் எங்கு திரும்பினாலும் மாம்பழ வாசனைதான். பங்காருபாளையம், தாமலசெருவு மண்டிகளுக்கு டிராக்டர் டிராக்டராகப் பழம் வந்து குவியும். அதில் பெரும் பகுதி, நம்மவர்கள் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கும் தோத்தாபுரி. கூழ் எடுக்கும் தொழிற்சாலைகளுக்கு உகந்தது இந்த ரகமே.

விளைச்சல் மிஞ்சிப் போகும் ஆண்டில் இந்தப் பழமே விவசாயிக்குப் பாரமாகிவிடுகிறது. 2025-ஆம் ஆண்டு அப்படித்தான் ஆயிற்று. கிலோவுக்குத் தொழிற்சாலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதென ஏற்பாடு செய்தும், வாங்க ஆளின்றிப் பழம் வீணானது. அண்டை மாநிலமான கர்நாடகத்திலிருந்து தோத்தாபுரி வருவதற்கே சித்தூர் மாவட்டத்தில் தடை போட வேண்டியதாயிற்று.

இப்படிப் பழம் மலிந்து கிடக்கும் நாட்களில் டீக்கடைப் பேச்சில் ஒரு யோசனை தவறாமல் தலைகாட்டும். "அழுகப் போகிற பழத்தை ஒரு பானையில் போட்டு மூடிவைத்தால் என்ன? கடைச் சரக்கை விட வீட்டுச் சரக்கு மேல். பழத்தில் செய்தது, உடம்புக்கும் நல்லது!"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த யோசனையால் கண்ணை இழந்தவர்கள் உண்டு. உத்தியோகத்தை இழந்தவர்களும் உண்டு. ஆகவே, பானைக்குள் நடப்பது என்ன என்று சற்று விவரமாகப் பார்ப்பது நல்லது.

மூன்று காரியங்கள்

பழத்தையும் மதுவையும் சேர்ப்பதில் மூன்று வகை உண்டு. பேச்சில் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, ஊறப்போடுவது. கடையில் வாங்கிய ரம்மிலோ பிராந்தியிலோ திராட்சை, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றைப் போட்டுச் சில வாரம் மூடிவைப்பது. கிறிஸ்துமஸ் கேக்குக்காக உலர்ந்த பழங்களை ரம்மில் ஊறவைக்கும் வழக்கம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் நெடுநாளாக உண்டு. பழத்தின் நிறமும் மணமும் இனிப்பும் சரக்கில் இறங்கும். புதிதாக ஆல்கஹால் எதுவும் உண்டாவதில்லை.

இரண்டாவது, புளிக்கவைப்பது. பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. திராட்சை ஒயின் இப்படி உண்டாவதே. ஆல்கஹால் நூற்றுக்கு 12, 15 பங்கை எட்டும்போது ஈஸ்ட் தானே ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, வடிப்பது. புளித்த கலவையைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குவது. இதுவே சாராயம். தமிழ்நாட்டுப் போலீஸ் செய்திகளில் 'ஊறல் அழிப்பு' என்று வருகிறதே, அந்த ஊறல் இதன் மூலப்பொருள். தெலுங்கில் அதை 'ஊட' என்பார்கள். வடித்து இறக்கியதை 'நாட்டு சாரா' என்பார்கள். இதற்குப் பழத்தைவிட வெல்லமே அதிகம் பயன்படுகிறது. சித்தூர் கறுப்பு வெல்லம் லாரி லாரியாகத் தெலங்கானாவின் 'குடும்பா' அடுப்புகளுக்குப் போனதாகப் பிடிபட்ட வழக்குகள் பல.

பழத்துக்குள் இருக்கும் வினை

பழத்தில் செய்ததால் நல்லது என்னும் நம்பிக்கை விஞ்ஞானத்துக்கு நேர் விரோதமானது. ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான பெக்டின் என்னும் பொருள் மாம்பழத்தில், குறிப்பாக அதன் தோலில், நிறைய இருக்கிறது. பழம் புளிக்கும்போது இந்தப் பெக்டினிலிருந்து மெத்தில் ஆல்கஹால் பிரிகிறது. வெல்லத்தில் பெக்டின் கிடையாது. ஆகவே, வெல்ல ஊறலைவிடப் பழ ஊறலில்தான் மெத்தில் ஆல்கஹால் கூடுதலாக இருக்கும்.

"முதலில் இறங்குவதைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும்" என்று சொல்பவர்கள் உண்டு. மெத்தில் ஆல்கஹால் 65 டிகிரியிலும், நல்ல ஆல்கஹால் 78 டிகிரியிலும், தண்ணீர் 100 டிகிரியிலும் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் மூன்றும் கலந்திருக்கையில் அவை வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வெளியேறுவதில்லை. முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டுவரை மெத்தில் ஆல்கஹால் கலந்தே இறங்கும். தீக்குச்சி கிழித்து நீலமாக எரிகிறதா என்று பார்ப்பதும் வீண் வேலை. இரண்டு ஆல்கஹாலும் நீலமாகவே எரியும்.

பாத்திரத்தாலும் கேடு உண்டு. பழைய ரேடியேட்டர், ஈயப்பற்று வைத்த குழாய் ஆகியவற்றின் வழியே வடித்தால் ஈயம் கலக்கும். சீக்கிரம் பொங்க வேண்டுமென்று ஊறலில் நவச்சாரத்தையும் உரத்தையும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊர் ஊராகச் சாவு விழுந்த சம்பவங்களில் வேறொரு காரணமும் இருந்தது. அங்கே பழமோ வெல்லமோ கொல்லவில்லை. தொழிற்சாலைக்கான மெத்தில் ஆல்கஹாலைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து சாராயம் என்று விற்றார்கள். 1981-இல் பெங்களூரில் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008-இல் பெங்களூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் 100-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். 2023-இல் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் அதே கதை. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பழ வாசனையோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்துவிட்டால் இந்தக் கலப்படத்தை நாக்கு கண்டுபிடிக்க வழியே இல்லை.

வேங்கடத்து நறவு

இந்த மண்ணுக்கும் மதுவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. வேங்கட மலையை ஆண்ட புல்லி என்னும் தலைவனைப் பற்றி மாமூலனார் பாடிய அகநானூற்றுப் பாட்டு, அவன் நாட்டு மக்கள் நறவு விற்றுப் பெற்ற நெல்லோடு மகிழ்ந்திருந்ததைச் சொல்கிறது. அது புளித்த மது. இன்று அதே மலை மீது, திருமலையில், மதுவுக்கு இடமே கிடையாது. அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு புட்டிகூட மேலே போகக்கூடாது.

சென்னை ராஜதானியில் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலத்தில், 1937-இல். அடுத்த ஆண்டே அது விரிவுபடுத்தப்பட்ட ஜில்லாக்கள் சித்தூரும் கடப்பையும் ஆகும். வட ஆர்க்காட்டுக்கு 1939-இல்தான் வந்தது. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்டவே அவ்வாண்டு விற்பனை வரி பிறந்தது. இன்று கணக்குப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு அழும் வரிக் கணக்கின் மூதாதை அதுதான்!

1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் அதனுடன் சென்றது. மறு ஆண்டே பிரகாசம் மந்திரிசபை மதுவிலக்குப் பிரச்சினையில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கவிழ்ந்தது.

எல்லையில் ஓர் ஊஞ்சல்

அதன் பிறகு நடந்ததை ஊஞ்சல் என்றுதான் சொல்ல வேண்டும். ஆந்திரத்தில் 1960-களின் இறுதியில் மதுவிலக்கு போயிற்று. தமிழ்நாட்டில் 1971-இல் ஒத்திவைத்தார்கள். 1974-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1981-இல் மறுபடி கடைகளைத் திறந்தார்கள். 1987-இல் கள், சாராயக் கடைகளை மூடினார்கள். ஆந்திரத்தில் 1993 அக்டோபரில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரி 16 முதல் என்.டி. ராமராவ் ஆட்சியில் முழு மதுவிலக்கு. 1997-இல் அதுவும் தளர்ந்தது. கர்நாடகம் சாராயத்தை 2007-இல் நிறுத்தியது.

மூன்று மாநிலங்கள் கூடும் முனையில் இருக்கிறது சித்தூர். இந்தப் பக்கம் பூட்டினால் காட்பாடியும் முல்பாகலும் திறந்திருக்கும். அந்தப் பக்கம் பூட்டினால் ஆட்கள் இங்கே வருவார்கள். எந்தக் கடை பூட்டினாலும் பூட்டாத ஒன்று வீட்டுக்குப் பின்னால் மண்ணில் புதைத்த பானை. கடை மூடியபோது அதற்குக் கிராக்கி ஏறியது; கடையில் விலை ஏறியபோதும் அதற்கே கிராக்கி ஏறியது.

அந்தப் பானையை உண்மையிலேயே அசைத்தவர்கள் பெண்கள். 1992-இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்குப் போன கிராமத்துப் பெண்கள், பாடப் புத்தகத்தில் தங்கள் வீட்டுக் கதையையே படித்தார்கள். கூலி முழுவதும் சாராயப் பாக்கெட்டில் கரைவதைக் கண்டு கடையை மூடவைத்தார்கள். போராட்டம் சித்தூர் உட்பட மற்ற மாவட்டங்களுக்கும் பரவி, சாராய ஏலத்தையே நடக்கவிடாமல் செய்தது. அடுத்த ஆண்டு தடை வந்ததற்கு அவர்களே காரணம்.

சட்டம் சொல்வது

வெளிநாடுகளில் வேறு மாதிரி உண்டு. நியூஜிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே வடிக்கலாம். செர்பியாவின் பிளம் பழச் சாராயத்தை 2022-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமது கோவாவின் முந்திரிப் பழ ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது லைசென்சுக்கு உட்பட்ட தொழில்.

ஆந்திரத்தில் 1968-ஆம் ஆண்டு கலால் சட்டமும் 1995-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும் இன்றும் அமலில் இருக்கின்றன. வடிப்பது மட்டுமல்ல, ஊறல் வைத்திருப்பதும் வடிக்கும் கருவி வைத்திருப்பதும் குற்றம். தெரிந்தே வெல்லம் கொடுத்த வியாபாரியும் வழக்கில் சேருவார். நாட்டுச் சாராயத்தை அடியோடு ஒழிக்க 'நவோதயம் 2.0' என்னும் இயக்கத்தை மாநில அரசு 2025-இல் தொடங்கியிருக்கிறது. லைசென்சு இன்றி வீட்டில் ஒயின் புளிக்கவைப்பதும் சட்டப்படி தவறே. கேரளத்தில் 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் கலால் இலாகா இதற்காகவே எச்சரிக்கை விட்டது. கடையில் வாங்கிய சரக்கை அனுமதித்த அளவுக்குள் வைத்துக்கொண்டு அதில் பழம் ஊறப்போடுவது ஒன்றுதான் இந்தச் சட்டங்களுக்குள் அகப்படாதது.

பிழைப்புக்காக வந்து வாடகை அறையில் நாலு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளி இதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் போட்ட ஊறலுக்கு அறையில் உள்ள அனைவரும் போலீஸ் நிலையப் படியேற நேரிடும். அரசு ஊழியராக இருந்தாலோ, 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தற்காலிகப் பணி நீக்கம் வந்து சேரும். பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஊரிலிருக்கும் மனைவிதான் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஊறப்போட்ட சரக்கிலும் ஏமாறக்கூடாது. புட்டியில் அச்சிட்ட 42.8 சதவீதம் பழம் போட்டதால் பெரிதாகக் குறைந்துவிடாது. இனிப்பு காரத்தை மறைப்பதால் குடிக்கிறவருக்கு அளவு தெரியாது. ஊறிய பழத்துண்டும் சரக்கே. அதைக் குழந்தைகள் எட்டும் இடத்தில் வைப்பது பெரும் ஆபத்து.

தெரிந்திருக்க வேண்டியது

எங்காவது குடித்துவிட்டு வந்தவருக்கு மறுநாள் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு கண்டு, கண்ணுக்கு முன் பனி மூடியதுபோல் இருக்கிறது என்று சொன்னால், அது வெறும் போதையல்ல. மெத்தில் ஆல்கஹால் உடனே வேலையைக் காட்டாது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்க 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். நல்ல ஆல்கஹாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். மோர் கொடுத்துப் படுக்கவைத்தால் கண் போகும், உயிரும் போகும். முறிவு மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்போதே கொண்டுபோக வேண்டும். திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரியும் ஸ்விம்ஸும் இருக்கின்றன, வேலூர் சி.எம்.சி.யும் தூரமில்லை. என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்துப் போக வேண்டும்.

மிஞ்சிய பழத்துக்கு வழி இல்லாமல் இல்லை. சாற்றைப் பாயில் தடவி வெயிலில் காயவைத்து அடுக்கினால் மாமிடி தாண்ட்ரா ஆகிறது; கோதாவரிக் கரையில் ஆத்ரேயபுரத்தில் அதுவே குடிசைத் தொழில். பெக்டின் நிறைந்த தோலும் சதையும் ஜாமுக்கு ஏற்றவை. கிளிமூக்குக் காயை அரிந்து உப்பு மிளகாய் தடவித் தெருமுனையில் விற்றுக் குடும்பம் நடத்துகிறவர்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் எத்தனையோ பேர். அந்தக் கூறு மாங்காயில் கிடைக்கும் காசு சிறிதுதான். ஆனாலும் மாலையில் அது முழுசாக வீடு வந்து சேருகிறது.