சாளரத்து விளக்கு

பிறந்த நாட்டை விட்டுப் பிரிவோர் தம்முடன் கொண்டு செல்லும் செல்வம் யாது? வீட்டையும் நிலத்தையும் எடுத்துச் செல்லல் இயலாது. பொன்னும் மணியும் வறியோரிடம் இல்லை. எனினும், இளமையிற் பழகிய விழாக்களையும் வழக்கங்களையும் வறியோரும் உடன்கொண்டு செல்வர். அச்செல்வத்தைக் கள்வர் கவரார், கடலும் கொள்ளாது. இவ்வுண்மைக்கு அயர்லாந்து மக்களின் வரலாறு தக்க சான்றாகும்.

அயர்லாந்து, ஐரோப்பாவின் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்த பசுமை மிக்க தீவு. 1841ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 82 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவருள் ஏழை உழவர் பலர்க்கு உருளைக்கிழங்கே நாள்தோறும் உணவாயிற்று. 1845ஆம் ஆண்டில் கொடிய நோய் ஒன்று அப்பயிரைப் பற்றியது. இலைகள் கருகின, மண்ணிற் புதைந்திருந்த கிழங்குகள் அழுகின. மறு ஆண்டு விளைவு பெரும்பாலும் பாழாயிற்று. நாட்டில் விளைந்த தானியம் ஒருபுறம் கப்பலேறி அயல்நாடு சென்றது. மற்றொருபுறம் மக்கள் பசியால் வாடினர். பஞ்சத்தாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். 10 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அமெரிக்கா முதலிய நாடுகளை நோக்கிக் கடல் கடந்தனர். அவ்வாறு சென்றோரின் வழிவந்தவர் இன்று உலகெங்கும் பரவியுள்ளனர்.

அயர்லாந்தில் ஒருவர் இறந்தால், உற்றார் இரவு முழுதும் பிணத்தருகே விழித்திருப்பது பழைய வழக்கம். அமெரிக்காவிற்குப் புறப்படுவோர்க்கும் முதல் நாளிரவு அத்தகைய கூட்டம் ஒன்று நடைபெற்றது. அதனை ‘அமெரிக்க இழவு’ என்றே மக்கள் அழைத்தனர். ஆட்டமும் பாட்டமும் ஒருபால் நிகழும். அழுகை ஒருபால் எழும். பொழுது புலர்ந்ததும் மகனோ மகளோ துறைமுகம் நோக்கி நடப்பர். சென்றவர் மீண்டு வருதல் அரிதாகலின், உயிரோடு இருப்பவர்க்கே இழவு காக்க நேர்ந்தது. இதனினும் துயரம் வேறுண்டோ?

அங்ஙனம் சென்றோர் இளமையில் எத்தகைய விழாக்களைக் கண்டிருந்தனர்? கிறிஸ்துமஸ் விழாவின் முன்னிரவில் வீட்டுச் சாளரத்தில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பர். தங்க இடமின்றி அலைந்த மரியம்மைக்கும் சூசையப்பருக்கும் அவ்விளக்கு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. அதனை ஏற்றும் உரிமை பல இல்லங்களில் கடைக்குட்டிப் பிள்ளைக்கே உரியது. பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிரிஜித்து அம்மையாரின் திருநாள். அப்போது கோரையாற் சிலுவை முடைந்து வாயிலுக்கு மேலே செருகுவர். அது வீட்டைத் தீயினின்றும் காக்கும் என்பர். அக்டோபர்த் திங்கள் இறுதி நாளில் ஹாலோவீன் விழா வரும். அன்று டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, அச்சந்தரும் முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றுவர். உலர்ந்த பழங்கள் இட்டுச் சுட்ட ரொட்டியுள் மோதிரம் ஒன்றை மறைத்து வைப்பர். அம்மோதிரம் கிடைக்கப் பெற்றவர்க்கு விரைவில் திருமணம் நிகழும் என்று சொல்லிச் சிறுவர் நகைத்து மகிழ்வர்.

புதிய நாட்டிலும் இவ்வழக்கங்கள் வாழ்ந்தன. ஆனால் வடிவம் மாறின. அமெரிக்காவில் டர்னிப் கிழங்கின் இடத்தைப் பெரிய பறங்கிக்காய் பெற்றது. மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் பேட்ரிக் அடிகளின் திருநாள். தாயகத்தில் அது பெரும்பாலும் கோயில் வழிபாட்டு நாளாகவே இருந்தது. அமெரிக்காவிலோ 1762ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கு நகரில் அந்நாளில் ஊர்வலம் நடைபெற்றது. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் அரசின் ஆதரவோடு ஊர்வலம் தொடங்கியது 1931ஆம் ஆண்டிலேதான். மரத்தினின்று வீழ்ந்த விதை வேற்றிடத்தில் முளைத்து, அதன் கனி தாய்மரத்தின் அடிக்கே மீண்டது போலும்!

முன்னோர் நாட்டைக் காண வரும் பேரர் பலர். ஆயின், முன்னோர் ஊரைக் கண்டறிதல் எளிதன்று. 1922ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது டப்ளின் ஆவணக் களஞ்சியம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பெற்ற மக்கட்கணக்கு ஏடுகளிற் பெரும்பகுதி அன்று சாம்பலாயிற்று. கோயில்களில் எழுதப்பெற்ற திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் பல எஞ்சின. கத்தோலிக்கக் கோயில்களின் பதிவேடுகளை 2015ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய நூலகம் இணையத்தில் யாவரும் காணுமாறு வெளியிட்டது. எனினும், ஒரே பெயருடையார் ஆயிரவர். சிற்றூர்ப் பிரிவுகளோ 60,000க்கு மேற்பட்டன. ஊர்ப்பெயர் தெரியாதவர்க்கு ஏடு இருந்தும் பயன் என்ன? விழா இரவில் பாட்டி சொல்லிய ஊர்ப்பெயர் ஒன்று நினைவில் இருப்பின், அதுவே திறவுகோலாகும்.

1963ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி அயர்லாந்து சென்றார். பஞ்ச காலத்தில் அவருடைய கொள்ளுப்பாட்டனார் விட்டுச் சென்ற டங்கன்ஸ்டவுன் என்னும் சிற்றூரில், உறவினர் இல்லத்தில் தேநீர் அருந்தி அளவளாவினார். பேரரசின் தலைவராயினும் அங்கு அவர் உறவினருள் ஒருவரே.

பெயரறியாத எளியோர்க்கும் அத்தகைய உவகை உண்டு. மேயோ மாவட்டத்து அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் விளக்கின் வார்ப்பு ஒன்று உளது. பறங்கிக்காய் விளக்கோடு வளர்ந்தவர் அதனைக் காணும்போது, தம் இளமை விளையாட்டின் வேர் எங்குள்ளது என்பதை உணர்வர்.

தாயகமும் சென்றோரை மறந்துவிடவில்லை. 1990ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவராகிய மேரி ராபின்சன் அம்மையார் தம் மாளிகையின் சாளரத்தில் விளக்கு ஒன்றை ஒளிரச் செய்தார். கடல் கடந்து வாழும் அயர்லாந்து மக்கள் அனைவர்க்கும் உரிய விளக்கு அது.

வழக்கங்களைக் காப்பவர் யாவர்? அறிஞர் மட்டும் அல்லர். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர், தத்தம் ஊர் முதியோரை அணுகி, பழங்கதைகளையும் விழா முறைகளையும் கேட்டு எழுதினர். அவர்கள் தொகுத்தவை இலட்சக்கணக்கான பக்கங்களாக இன்றும் போற்றப்படுகின்றன. ஆவணக் களஞ்சியம் ஒரு நாளில் எரிந்தது. பள்ளிச் சிறுவர் எழுதிய ஏடுகளோ நிலைத்து நிற்கின்றன. முதியோரின் நினைவு அவரோடு மறையும் இயல்பினது. அது மறையுமுன் கேட்டறிந்து காத்தல் இளையோர் கடமையாகும்.