காற்றின் ஈரமும் இலையின் ஈரமும்

தறிவீட்டிற்கு ஈரம் வேண்டும். உலர்த்தும் அறைக்கு ஈரம் ஆகாது. பருத்தி நூல் ஈரமேறினால் உறுதி பெறும், காய்ந்தால் பாவு அறும். ஆதலின் நெசவாளர் கோடையில் தறியடியில் நீர் தெளிப்பர். அதே ஈரம், வீட்டில் விளைந்த முருங்கை இலையையும் துளசியையும் உலர்த்தும் அங்கத்தினருக்குப் பகையாகின்றது.

இவ்விலைகளை வெயிலில் பரப்பினால் விரைவில் உலரும். ஆயினும் பச்சை நிறமும் கரோட்டின் சத்தும் அழியும், துளசியின் மணமும் குறையும். எனவே நிழலறையே தக்கது. ஆனால் கதவடைத்த அறை நிழலறையாகாது என்பதைக் கணக்கிட்டே அறியலாம்.

பத்துக் கிலோ பசும் முருங்கை இலையில் சுமார் 7.5 கிலோ நீர் உண்டு. ஈரம் 10 சதவீதமாகும்வரை உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய 2.8 கிலோ. ஆகவே 7 லிட்டருக்கு மேற்பட்ட நீர் வெளியேற வேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 அடியுள்ள அறையில், 30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில், காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாயின், அக்காற்று மேலும் ஏற்கக்கூடியது சுமார் 260 கிராம் நீரே. அறைக்காற்று குறைந்தது 28 முறையேனும் மாறினாலன்றி இலை உலராது, பூசணமே பூக்கும். ஆகவே மூங்கில் தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, காற்றை வெளியேற்றுமாறு மின்விசிறியை வைத்தல் நலம்.

மழைக்காலத்தில் உஷ்ணம் துணை செய்யும். 25 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் சுமார் 45 சதவீதமாகத் தாழும். ஆயினும் மணமுள்ள இலைகளுக்கு 35 டிகிரிக்கு மேலும், பிற இலைகளுக்கு 40 டிகிரிக்கு மேலும் சூடு வேண்டா. மூடிய அறையில் கரியடுப்பு வைத்தல் கூடவே கூடாது. அதன் நச்சுவாயு மணமின்றி உயிரைக் குடிக்கும்.

ஈரத்தை அளக்க இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றன் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் விசிறியின் காற்றில் வைத்தல் வேண்டும். உலர்ந்தது 30 டிகிரியும் நனைந்தது 25 டிகிரியும் காட்டினால் ஈரப்பதம் ஏறத்தாழ 67 சதவீதம். நனைந்தது 28 காட்டினால் 86 சதவீதம். உலர்ந்த இலை ஈரத்தைத் திரும்ப உறிஞ்சுமாதலால், முக்கால் பங்கு உலர்ந்தபின் இரவில் சன்னலை அடைத்து, நண்பகலில் திறத்தல் வேண்டும்.

இலை கையில் நொறுங்கி, காம்பு ஒடிந்தால் பக்குவம் எனலாம். ஆறவைத்துக் கண்ணாடிச் சாடியில் இட்டு மூடுக. மூன்றாம் நாள் உட்புறத்தில் நீர்த்துளி தோன்றினால் மீண்டும் உலர்த்துக.

இதில் சங்கங்களுக்கும் பொறுப்புண்டு. ஈரம் 10 சதவீதமுள்ள பத்துக் கிலோவில் 9 கிலோ சரக்கு உண்டு. 20 சதவீதமாயின் 8 கிலோவே. எடையை மட்டும் பார்த்து ஒரே விலை கொடுத்தால், சிரத்தையோடு உலர்த்தியவர் நஷ்டமடைவார். நீரோடு கொணர்ந்தவர் லாபமடைவார். மேலும், ஒருவரது ஈரமூட்டை அடுக்கிலுள்ள பிறர் மூட்டைகளையும் கெடுக்கும். ஆதலின் எடைத் தராசின் அருகே ஈரமானி ஒன்றையும் வைத்து, ஈரத்திற்கேற்ப விலை வகுத்தலே நியாயம். பொதுக் கிடங்கில் சேரும் சரக்கிற்குத் தனியொருவர் அசட்டை எல்லோருடைய நஷ்டமாகும்.