உங்களுக்குத் தெரியுமா? முப்பரிமாண அச்சில் ஒரு கண்

முப்பரிமாண அச்சு, தொழிற்சாலைகளில் மாதிரி உருக்களை விரைந்து செய்து பார்க்கப் பிறந்த நுட்பம். அமெரிக்கரான சக் ஹல் இதற்கு 1986-இல் காப்புரிமை பெற்றார். கார், விமானப் பாகங்களின் மாதிரிகளைச் செய்துவந்த இது பிறகு மருத்துவத்துக்கும் வந்தது. 2021 நவம்பரில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை, முழுக்க அச்சில் உருவான செயற்கைக் கண்ணை முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது.

வழக்கமான அக்ரிலிக் கண்ணில் கருவிழியைக் கறுப்பு வில்லை ஒன்றின்மேல் கையால் வரைவார்கள். கண்குழியை அளவெடுக்கவே சுமார் இரண்டு மணி நேரம், கண் தயாராக ஆறு வாரம். புதிய முறையில் அரை மணி நேர ஸ்கேன் போதும். அந்த ஸ்கேன் கோப்பு ஜெர்மனிக்குப் போய், இரண்டரை மணி நேரத்தில் கண்ணாக அச்சாகிறது. கருவிழிக்கு உண்மையான ஆழமும் கிடைக்கிறது. தட்டையான ஓவியத்தில் அது வராது. ஆனால், அச்சான கண் லண்டனுக்கு வந்தபின் அதை மெருகேற்றுவது இன்றும் கைவேலைதான்.