கிளிஞ்சல் சுவரில் இருக்கட்டும்

டீ ஆறுவதற்குள் அந்தப் படங்களை இன்னொரு முறை காட்டுங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை சோபா, அதன்மேல் நீலக் கோடு போட்ட தலையணைகள், தரையில் சணல் விரிப்பு, மூலையில் கண்ணாடிக் குடுவை நிறையச் சிப்பிகள். பார்த்தாலே மனசு லேசாகிறது. நீலாங்கரையில் மூன்றாவது மாடியில், கடல் தெரியும் பால்கனியோடு வீடு அமைந்திருக்கும்போது இப்படி ஒரு கூடம் வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். அந்த ஆசை அப்படியே இருக்கட்டும். எங்கிருந்து தொடங்குவது என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பாணி பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து கிளம்பியது. நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டின் நுனியில் ஹாம்ப்டன்ஸ் என்று அழைக்கப்படும் சில ஊர்கள் இருக்கின்றன. நகரத்துப் பணக்காரர்கள் கோடைக்குப் போய்த் தங்கும் இடம். ஏறத்தாழ 41 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே வெயில் சாய்வாக விழும், குளிர்காலமும் நீளம். கிடைக்கும் வெளிச்சத்தைத் துளியும் விடாமல் அறைக்குள் சுழலவிட அவர்களுக்கு வெள்ளைச் சுவர் தேவைப்பட்டது. நமக்கு வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை. சென்னை இருப்பது 13 பாகையில். ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கு உங்கள் கிழக்கு ஜன்னலில் விழுவது வானத்து ஒளி மட்டும் இல்லை, கடல்மேல் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சேர்ந்தே வரும். பளீர் வெள்ளைச் சுவர் அதைத் திருப்பியடித்தால் கண் கூசித் திரையை இழுத்து மூடிவிடுவீர்கள். கடலைப் பார்க்க வாங்கிய வீட்டில் பகலெல்லாம் கடல் தெரியாது.

ஆகவே சோபாவுக்கும் பெயின்டுக்கும் முன்னால் காற்றைப் பாருங்கள். கோடையில் சென்னையில் முற்பகல் முழுக்க மேற்கிலிருந்து சூடான தரைக்காற்று அடிக்கும். தரை கடலைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று நண்பகலையொட்டி உள்ளே வருகிறது. அது வரத் தாமதமாகும் நாட்களில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதைப் பார்ப்போம். இந்த ஊரில் அந்தக் காற்று முதலில் தொடும் வீடுகளில் உங்கள் வீடும் ஒன்று. அது பெரிய சொத்து.

ஆனால் உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போகவும் வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலிலேயே நின்றுவிடும். பால்கனிக் கதவுக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? பல அடுக்குமாடிகளில் சமையலறை ஜன்னல்தான் அந்த வழி. அதைப் பரணோ, ஃபிரிட்ஜோ, ஏசிப் பெட்டியோ அடைத்திருக்கும். உள்ளே வரும் வாயைவிடப் போகும் வாய் சிறுத்துவிடக் கூடாது. வீடு காலியாக இருக்கும்போதே மாலை மூன்று மணிக்கு ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பால்கனியோரம் வைத்துப் புகை எங்கே போகிறது, எங்கே சுருண்டு நிற்கிறது என்று பாருங்கள். புகை போகும் பாதையில் உயரமான அலமாரி வேண்டாம். அங்கே வைக்கும் நாற்காலிகளும் திவானும் தாழ்வாக, அடியில் காற்று புகும்படி கால்கள் உள்ளவையாக இருக்கட்டும். படுக்கையறைக் கதவுகளின் மேல் பழைய வீடுகளில் இருந்ததுபோல் ஒரு வென்டிலேட்டர் வைக்கக் கட்டுநரிடம் கேளுங்கள். கதவைச் சாத்திய பிறகும் காற்று ஓடும். அந்தப் படங்களில் தெரியும் நிதானம் நம் ஊரில் இப்படித்தான் வரும். மெல்லிய பருத்தித் திரை தானாக அசையும் அறையில் வேறு அலங்காரம் குறைவாக இருந்தாலும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

இதை நம் வெயிலிலேயே செய்துகாட்டியவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே, ஏரிக்கரையில், லுனுகங்க என்ற தோட்டத்தை வாங்கி, 2003இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். 1960களின் இறுதியில் அவர் கட்டிய பெந்தோட்ட பீச் ஹோட்டலில் வரவேற்புக் கூடத்தின் கூரை முழுக்க எனா டி சில்வாவின் பத்திக் துணி. பாவாவின் உள்ளறைகளுக்கு பார்பரா சன்சோனியின் கைத்தறிகள் நிறம் தந்தன. இவர்களுடைய வேலையில் நான் மிகவும் மதிப்பது, உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் அவர்கள் விட்ட இடம். நடை, தாழ்வாரம், முற்றம் என்று வெயில் இரண்டு மூன்று படியிறங்கி, தணிந்து, அப்புறம்தான் அறைக்குள் வரும். சென்னை கன்னிமாரா ஹோட்டலையும் 1970களில் பாவா திருத்தி அமைத்திருக்கிறார்.

அடுக்குமாடியில் தாழ்வாரத்துக்கு எங்கே போவது? உங்கள் பால்கனிதான் தாழ்வாரம். அதைக் கண்ணாடி போட்டு மூடி அறையோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்; இதை மட்டும் செய்துவிடாதீர்கள். சதுர அடி கூடும், வெயில் நேராகக் கூடத்துக்குள் வரும், காற்று நின்றுபோகும். அதற்குப் பதில் வெளிவிளிம்பில் மூங்கில் தட்டிகளைத் தொங்கவிடுங்கள். பத்து மணிவரை இறக்கி, பிற்பகலில் சுருட்டிக்கொள்ளலாம். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, ஓர் ஓரமாகக் காகிதப்பூச் செடி. காகிதப்பூ உப்பு அடித்தாலும் தாங்கும். அரளியும் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம், குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

அடுத்தது உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி உங்கள் கிரில்லிலும் கீலிலும் மெல்லிய படலமாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும்; சென்னையின் இரவுகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான். அதாவது மழையே இல்லாத நாளிலும் உங்கள் வீட்டு இரும்பு உப்புநீரில் நனைந்தபடி இருக்கிறது. எனவே கண்ணுக்குத் தெரியாத சாமான்களில் தாராளமாகச் செலவழியுங்கள். கீலும் தாழ்ப்பாளும் கெட்டிப் பித்தளையில் வாங்குங்கள், முலாம் பூசியது வேண்டாம். பால்கனிக் கைப்பிடி எவர்சில்வர் என்றால் 316 ரகம் கேளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304இல் இல்லாத மாலிப்டினம் அதில் சேர்ந்திருப்பதால் உப்பை எதிர்த்து நிற்கும். அலமாரிகளுக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். அந்தப் படங்களில் வெளுத்த மரம்போலத் தெரியும் மேசைகளை இங்கே பெரும்பாலும் எம்டிஎஃப் பலகையில் செய்து தருகிறார்கள். ஈரத்தில் அதன் ஓரங்கள் ஊதிவிடும். அதே பணத்தில் பழைய தேக்கு நாற்காலி இரண்டு வாங்கி, ஆசாரியிடம் கொடுத்துப் பாலிஷைச் சுரண்டி எண்ணெய் மட்டும் தேய்க்கச் சொன்னால், நாள்பட நாள்பட மெருகேறும்.

இனி சுவர். இங்குதான் நம் கரைக்கே உரிய ஒரு செல்வம் இருக்கிறது. பழைய மதராஸின் மாளிகைத் தூண்களைப் பார்த்த ஐரோப்பியப் பயணிகள் பளிங்கோ என்று வியந்து எழுதினார்கள். அது செங்கல்மேல் பூசிய சுண்ணாம்புக் காரை. அதற்கான சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. நீற்றி, பல நாள் ஊறவைத்து, அரைத்து, மேல்பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு போன்றவற்றைச் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கினார்கள். கீழ்ப்பூச்சுக்குக் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தர்களின் வழக்கம். கடற்கரையை வீட்டுக்குள் கொண்டுவர இதைவிட அழகான வழி எனக்குத் தெரியவில்லை. குடுவையில் கிடக்கும் சிப்பியைச் சில நாளில் மறந்துவிடுவோம். கிளிஞ்சல் சுவராகிவிட்டால் ஒவ்வொரு மணிநேர வெளிச்சத்திலும் அது வேறாகத் தெரியும்.

அழகோடு பயனும் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைக்காது. உறிஞ்சும், பிறகு வெளியே விட்டுவிடும். பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து மூடிய கடலோரச் சுவரில் ஓதம் ஏறினால் அந்த ஈரத்துக்கு வழி கிடைக்காமல் பெயின்ட் கொப்புளித்து, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். உங்கள் வீட்டில் இன்னும் பட்டி பார்க்கவில்லை என்றால் கூடத்தின் ஒரு சுவருக்காவது சுண்ணாம்புப் பூச்சு செய்யுங்கள். அவசரப்படுத்தாத கொத்தர் வேண்டும். பூச்சு மெல்ல மெல்லக் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாக இறுகும்.

நிறத்துக்கு மாலத்தீவுப் படங்களைப் பார்க்காதீர்கள். உங்கள் பால்கனியில் தெரியும் கடல் அந்த நீலம் இல்லை. விடியலில் ஈயம், பத்து மணிக்குச் சாம்பல் கலந்த பச்சை, மழைக்குப் பிறகு பழுப்பு. உள்ளே பளிச்சென்ற நீலத்தைப் பூசினால் வெளியே இருக்கும் உண்மையான கடல் மங்கிப்போகும். கரையில் ஒரு நடை போய்வாருங்கள். ஈர மணலின் தவிட்டு நிறம், இராவணன் மீசைப் புல்லின் வெளிர்பச்சை, சவுக்கின் கரும்பச்சை, அடும்புக் கொடியின் ஊதாப் பூ, மணலில் ஓடும் கருங்கோடு. இவற்றில் இரண்டு, மூன்று போதும். சுவருக்கு மணல் கலந்த வெள்ளை, மரத்துக்கு அதன் நிறமே, சவுக்குப் பச்சையில் ஒரு கதவு. ஊதாவைத் தலையணை உறையில் ஒரே ஓர் இடத்தில் வையுங்கள். எந்த நிறமானாலும் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காலையிலும் மதியத்திலும் விளக்கு போட்ட பிறகும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விளக்கைச் சொல்லும்போது நினைவுக்கு வருகிறது: 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை டியூப்லைட்டை மாட்டினால் இத்தனை வேலையும் இரவில் வெளிறிவிடும். 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு வாங்குங்கள்.

தரையில் சணல் விரிப்பு வேண்டாம், ஈரக் காற்றில் பூசணம் பிடித்து நாறும். தென்னைநார் விரிப்பு வாங்குங்கள். உப்புநீரில் ஊறவைத்தே பிரித்தெடுத்த நார் அது, படகுக் கயிறாக உழைத்தது. உட்கார, படுக்கப் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்வது. உடம்புக்குக் குளிர்ச்சி, சுருட்டி வைத்தால் இடமும் மிச்சம். மாதம் ஒருமுறை வெயில் காட்டினால் போதும். துணிக்குக் கைத்தறிப் பருத்தி. நீலக் கோடுதான் பிடிக்கிறது என்றால் பவானி ஜமுக்காளத்திலேயே கோடுகள் இருக்கின்றன. கட்டம் பிடித்தால் மெட்ராஸ் கட்டம். 1950களிலும் 60களிலும் அமெரிக்கர்கள் கோடைச் சட்டையாக விரும்பி அணிந்த துணி இங்கிருந்து போனதுதான். வெள்ளை சோபாவை மறுக்க மாட்டேன். கழற்றித் துவைக்கிற காடா உறையாக இருக்கட்டும்.

சிப்பிக் குடுவையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகளில் விற்கும் வெள்ளைப் பவளக் கிளைகளை வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களையும் சில சங்கு இனங்களையும் பாதுகாக்கிறது. அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவாக இருக்கும் 21 தீவுகளில் இரண்டு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்த காலத்துக்குப் பிறகு நீரில் அமிழ்ந்துவிட்டன. பவளப்பாறைதான் அலையின் வேகத்தை உடைத்துக் கரையைக் காப்பது. சுண்ணாம்பு வாங்கும்போதும் எதைச் சுட்டது என்று கேளுங்கள். நல்ல சுண்ணாம்புக்கல்லில் செய்தாலும் சுவரின் குணம் மாறாது. நங்கூரப் படம், கப்பல் சக்கரம் இவற்றுக்கும் அவசியம் இல்லை. ஜன்னலில் கடல் இருக்கிறது. அதற்கு எதிர்ச் சுவரை வெறுமையாக விடுங்கள்.

கடைசியாக ஒன்று. பாதிச் சாமானை மட்டும் வாங்கிக்கொண்டு குடிபோங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை உங்கள் பால்கனிப் பக்கமாகவே அடிக்கும். சாரல் எந்த ஜன்னல் இடுக்கில் நுழைகிறது, கூடத்தில் எவ்வளவு தூரம் தெறிக்கிறது, எந்த மூலையில் சுவர் வியர்க்கிறது என்று ஒரு நவம்பர் முழுக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். சோபாவும் விரிப்பும் அந்தக் கோட்டுக்கு உட்பக்கம் வரட்டும். வெளிப்பக்கத்தில் ஒரு கடப்பாக்கல் திண்டு கட்டிக்கொள்ளலாம். ஜனவரியில் வாருங்கள், துணிக்கடைக்குச் சேர்ந்தே போவோம்.