இளந்திரையன் நாட்டு நெற்கள்ளும் ஹொப்புக் கைப்பும்

பெரும்பாணாற்றுப்படையைப் பாடஞ் சொல்லுங்கால், வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதி வந்ததும், “இது கள்ளுச் சமாசாரம்” என்று ஏட்டைப் புரட்டிவிடும் ஆசிரியர் நம்மிடையே பலர். மாத்தளைத் தோட்டங்களிலே குடியால் நொந்த குடும்பங்களை நாளும் காண்பவர்க்கு அக்கூச்சம் இயல்பே. நானும் மதுவைத் தொடாதவன். ஆயினும் அவ்வடிகளைத் தள்ளுவோமாயின், ஒரு தொழிலின் முழுச் செய்முறையையும் அதற்கென அமைந்த சொற்களையும் உடன் தள்ளியவராவோம்.

சென்ற தவணையில் மாணவன் ஒருவன், அயல்நாட்டில் வாழும் தன் தமையனார் எழுதிய கடிதமொன்றைக் காட்டினான். அங்கே சட்டம் இடந்தருவதால் அவர் வீட்டிலேயே பியர் வடிக்கிறாராம். (இந்நாட்டில் உரிமமின்றி அது செய்தல் குற்றம்.) “கைப்பு மிஞ்சிவிட்டது, ஏதோ பச்சைச் சுவையும் நிற்கிறது, ஹொப்பைக் குறைத்தால் இரண்டும் தீருமோ?” என்பது அவர் ஐயம். “ஐயா, அந்தப் பச்சைச் சுவைக்குத் தமிழிலே சொல் உண்டோ?” என்று மாணவன் வினவினான்.

உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறும் முறையைக் காண்க. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற பிழாவிலே அதனை ஆற வைத்து, புற்றாஞ்சோறு போலத் தோன்றும் நல்லடையைக் கலக்கின்றனர். இரு பகலும் இரு இரவும் கழிந்து, சாடியில் முற்றியபின் விரலால் அலைத்துப் பிழிகின்றனர். நல்லடையை முளையடை எனக் கொள்வர். முளைவிட்ட தானியத்தில் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியம் உளது. கொதிக்கும் களியில் இட்டால் அது அழிந்தொழியும். ஆற்றிய பின்னரே அடையைக் கலப்பதாகப் பாடிய புலவர், அடுக்களை வாயிலில் நின்று பார்த்தவராதல் வேண்டும்! பியருக்குப் பார்லியை முளைகட்டுவதும் இந்நொதியத்தின் பொருட்டே.

முற்றாத மதுவின் இளமையை அவர் ‘வழைச்சு’ என்கிறார். அது நீங்க விளைந்ததே நல்ல பிழி. தமையனார் பச்சை என்று வருந்தியது இவ்வழைச்சையே எனலாம். அதனைத் தீர்ப்பது நாள், ஹொப்பன்று. கைப்போ வேறு குறை. ஹொப்பு என்பது ஒரு குளிர்நாட்டுக் கொடியின் பெண்பூங்கதிர். கொதி தொடங்கும்போது இட்டால் கைப்பு மிகும். இறக்குந் தறுவாயில் இட்டால் மணம் மிகும். ஆதலின் முதலில் இடுவதைக் குறைத்து, இறுதியில் இடுவதைக் கூட்டிப் பார்த்தல் தகும். இரண்டு குறைகளையும் ஒருமிக்கத் திருத்தப் புகுந்தால், எதனால் எது தீர்ந்ததென்று அவரே அறியார். இவ்வளவும் அம்மாணவனுக்குச் சொன்னேன்.

சுவைக்காக மட்டும் ஹொப்பு இடப்படவில்லை. அதன் கைப்பு பானத்தைக் கெடாது காக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே ஜேர்மானியத் துறவி ஹில்டெகார்ட் எழுதினார். 1516இல் பவேரியச் சட்டம் பார்லி, ஹொப்பு, நீர் ஆகிய மூன்றையுமே பியருக்கு உரியனவாக வரையறுத்தது. நம் வலைஞர் பிழியிலே அத்தகைய காப்புப் பொருள் எதுவும் கூறப்படவில்லை. சில நாளிற் புளித்திருக்கும். ஆனால் அது சேமித்து வைக்கும் பானமன்று. சுட்ட மீனொடு விருந்தினனாகிய பாணனுக்கு அன்றே வார்ப்பது.

காப்புக் கைப்பை நம் மலைநாட்டாரும் அறிவர். கித்துள் பதநீர் புளியாதிருக்க முட்டியிலே ஹல் மரப்பட்டையை இடுவது இங்குள்ள பழைய வழக்கம். ஆயின் ஹொப்பு நொதித்தலைப் பெரிதும் தடுக்காது, புளிப்பேற்றும் நுண்ணுயிர்களையே அடக்கும். ஹல் பட்டையோ நொதித்தலையே தாமதப்படுத்தும். ஆதலால் பட்டை இட்ட முட்டியிலிருந்து பாணியும் கருப்பட்டியும் கிடைக்கின்றன. இடாத முட்டி கள்ளாகின்றது.