கண்மாயிலிருந்து வந்த குதிரை



காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் மரங்கள் அடர்ந்த அய்யனார் கோவில்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். சில புதியவை. சிலவற்றுக்குக் காது இல்லை. சிலவற்றில் கால்கள் மட்டுமே மிச்சம். புதுக்கோட்டை மாவட்டத்து நமணசமுத்திரத்தில் இத்தகைய குதிரைகளை நூற்றுக்கணக்கில் காணலாம். நமது சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் நடக்கும் புரவி எடுப்பு விழாவும் பெயர் பெற்றது.

உடைந்த குதிரைகளை ஏன் யாரும் செப்பனிடுவதில்லை? மழையும் வெயிலும் படும் இடத்தில் ஏன் வைக்கிறார்கள்?

இயற்கையையும் தம் படைப்பில் பங்காளியாக்கிக்கொண்ட கலைஞர்கள் உலகில் பலர் உண்டு. அமெரிக்கச் சிற்பி ராபர்ட் ஸ்மித்சன் 1970-இல் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் பாறைகளைக் கொட்டி, சுமார் 460 மீட்டர் நீளத்தில் ஒரு சுருள் வடிவக் கரையை அமைத்தார். ஏரியில் நீர் ஏறினால் அது மூழ்கும். இறங்கினால் வெளியே தெரியும். நம் ஊர் வேளார்கள் இத்தகைய கலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். அவர்கள் குதிரை செய்யும் முறையைப் பார்ப்போமா?

பிடிமண்

நல்ல மழையும் விளைச்சலும் வேண்டி ஊரார் புரவி எடுக்க முடிவு செய்கிறார்கள். வேளாரிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுப்பார்கள். இதுவே பிடிமண். வேலை தொடங்கலாம் என்பதற்கு அதுவே ஒப்பந்தம். பிறகு கண்மாயிலிருந்து களிமண் வரும்.

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. தட்டையான இந்தத் துகள்களுக்கு இடையே நீர் மெல்லிய படலமாக நிற்கிறது. அதனால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். ஆனால் பிரிந்து போவதில்லை. களிமண்ணை நாம் நினைத்தபடி வளைக்க முடிவது இதனால்தான்.

உலரும்போது நீர் வெளியேறுகிறது, துகள்கள் நெருங்குகின்றன, மண் சுருங்குகிறது. மேற்புறம் முதலில் உலர்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே இருந்தால் வெடிப்பு விழும். ஆகவேதான் நிழலில் மெல்ல உலர்த்துகிறார்கள். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்க்கிறார்கள். மணல் சுருங்காது. உமி சூளையில் எரிந்துபோய், நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும்.

வயதான வேளார் ஒருவரிடம் உமியைப் பற்றிக் கேட்டேன். "உமி சேக்கலேன்னா வெடிச்சுப்போகும் சார். உள்ள இருக்கிற ஈரம் வெளியேற வழி வேணும்ல?" என்றார். நான் வகுப்பில் அரை மணி நேரம் விளக்குவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்! நீர் ஆவியாகும்போது அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகும். வழி இல்லாவிட்டால் அந்த ஆவி சுவரைப் பிளந்துவிடும். குதிரையின் உடலையும் கால்களையும் உள்ளே கூடாக அமைப்பதற்கும் இதுவே காரணம்.

திரும்ப முடியாத பாதை

சுடாத மண் குதிரை மழையில் கரைந்துவிடும். சூளையில் வெப்பம் ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது, களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரும் நீங்குகிறது. அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது பழைய களிமண் ஆகாது. மண்ணிலுள்ள இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செந்நிறம் தருகிறது.

"மண் குதிரை மண்ணோடு மண்ணாகிவிடும்" என்று சொல்வார்கள். இது பாதி உண்மைதான். நுண்துளைகளில் மழைநீர் புகுவதாலும் வேர்கள் நெருக்குவதாலும் குதிரை உடையும். ஆனால் அது ஓடுகளாகத்தான் உடையும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகள் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் கரையவில்லையே!

அப்படியானால் கண்மாய்க்குக் களிமண்ணை யார் திருப்பித் தருகிறார்கள்? மழைதான். ஒவ்வொரு மழையும் மேட்டு நிலத்து வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதை அள்ளாவிட்டால் கண்மாய் மேடாகிவிடும். ஒரு கன மீட்டர் வண்டலை அள்ளினால் 1,000 லிட்டர் நீருக்கு இடம் கிடைக்கிறது. ஒரு குதிரைக்கு 200 கிலோ ஈரக் களிமண் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 100 லிட்டர் நீருக்கான இடம். கண்மாய்க்கு இது சிறு துளி. ஆனால் பானை, ஓடு, வயலுக்கு வண்டல் என்று ஊரே ஆண்டுதோறும் அள்ளியபோது, கண்மாயின் ஆழம் காக்கப்பட்டது. மழை வேண்டிச் செய்யும் குதிரை, அந்த மழை தங்கவும் இடம் தந்தது.

சிமெண்டுக் குதிரை

இப்போது பல ஊர்களில் சிமெண்டுக் குதிரைகள் நிற்கின்றன. ஒருமுறை செய்தால் பல்லாண்டு இருக்கும், செலவு மிச்சம். மண் குதிரைக்கும் சூளையில் விறகு எரிகிறது, புகை வருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிமெண்டு தயாரிக்கச் சுமார் 1,450 டிகிரி வெப்பம் தேவை. சுண்ணாம்புக் கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சிமெண்டுக் குதிரைக்காக யாரும் கண்மாய்க்குள் இறங்குவதில்லை. வேளாருக்கு வேலை இல்லை; வண்டல் அங்கேயே கிடக்கிறது.

உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய்களிலிருந்து வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க, வட்டாட்சியரே அனுமதி தரும்படி தமிழக அரசு 2024-இல் விதியை எளிதாக்கியது. ஆனால் அள்ளிய மண்ணுக்கு வேலை கொடுக்கக் கலையும் தொழிலும் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

கண்மாய்க் களிமண்ணில் ஒரே கனமுள்ள இரண்டு வில்லைகள் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் உமி கலந்துகொள்ளுங்கள். இரண்டிலும் 10 சென்டிமீட்டர் நீளக் கோடு கீறி நிழலில் உலர்த்துங்கள். ஒரு வாரம் கழித்துக் கோடுகளை அளந்து பாருங்கள். எது அதிகம் சுருங்கியது? எதில் வெடிப்பு விழுந்தது?

மண் எடுக்கப் பெரியவர்களோடு செல்லுங்கள். அப்படியே, "நம் கண்மாயைக் கடைசியாக எப்போது தூர் வாரினார்கள்?" என்றும் அவர்களிடம் கேட்டு வாருங்கள். அந்த ஆண்டையும் உங்கள் அளவுகளோடு குறித்துக்கொள்ளுங்கள்.