‘ஃபால்ஸ் இஸ் நாட் ட்ரூ’: டெஸ்ட் ஃபெயில் ஆனால், காரணத்தையும் சொல்ல வைப்பது எப்படி?

‘பொய் என்பது உண்மை அல்ல.’ தத்துவம் இல்லைங்க, பைத்தானின் ‘யூனிட்டெஸ்ட்’ தரும் எரர் மெசேஜ். ரிலீஸுக்கு முந்தைய இரவில் டெஸ்ட் ஃபெயில் ஆகி, காரணமாக இந்த ஒரு வரி மட்டும் வந்தால்? எந்த மதிப்பு தப்பு என்று தேடியே தூக்கம் போய்விடும்.

ஏன் இப்படி?

கோட் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் நிபந்தனைதான் அசர்ஷன். ஒரு உணவு ஆர்டரின் பில் 525 ரூபாய் வர வேண்டும், ஆனால் 500 வருகிறது என வைத்துக்கொள்வோம். ‘அசர்ட்ட்ரூ’வுக்குள் ‘பில் 525-க்குச் சமமா?’ என்று எழுதினால், ஒப்பீடு முன்பே முடிந்துவிடும். ‘இல்லை’ என்ற பதில் மட்டுமே அதன் கைக்குப் போகும். எண்கள் அதற்குத் தெரியாது.

என்ன செய்யலாம்?

* ‘அசர்ட்ஈக்வல்’ பயன்படுத்துங்கள். இரண்டு மதிப்புகளையும் தனித்தனியாகக் கொடுப்பதால், ‘500-ம் 525-ம் சமமில்லை’ என்று காட்டும். 25 ரூபாய் டெலிவரி கட்டணம் விட்டுப்போச்சா என்று உடனே யோசிக்கலாம். லிஸ்ட், டிக்‌ஷனரி என்றால் வித்தியாசத்தை வரிவரியாகக் காட்டும்.

* லூப்பில் பல இன்புட்டுகளைச் சோதிக்கிறீர்களா? ‘சப்டெஸ்ட்’ போடுங்கள். எந்த இன்புட்டில் சிக்கல் என்பதும் மெசேஜில் வரும்.

* ‘பைடெஸ்ட்’டில் சாதாரண ‘அசர்ட்’ போதும். டெஸ்ட் ஃபைலை இயக்கும் முன், அந்த வரியை அது உள்ளுக்குள் திருத்தி எழுதி, இடையில் வரும் மதிப்புகளையும் பிடித்து வைக்கும். 2011-ல் வந்த வசதி இது.

இங்கே ஒரு பொறி இருக்கு!

இந்தத் திருத்தம் பொதுவாக டெஸ்ட் ஃபைல்கள், ‘கான்ஃப்டெஸ்ட்’ ஃபைல், பிளக்-இன்கள் ஆகியவற்றுக்கு மட்டும்தான். அசர்ட்டைத் தனி ஹெல்ப்பர் ஃபைலுக்கு மாற்றினால், பழையபடி வெறும் ‘அசர்ஷன் எரர்’தான் மிஞ்சும். அந்த ஃபைலை இம்போர்ட் செய்யும் முன், ‘ரெஜிஸ்டர் அசர்ட் ரீரைட்’ மூலம் அதன் பெயரைப் பதிவு செய்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, டெஸ்ட் எழுதியதும் எதிர்பார்க்கும் மதிப்பை வேண்டுமென்றே மாற்றி, ஒருமுறை ஃபெயில் ஆக்கிப் பாருங்கள். கோடைத் திறக்காமல், மெசேஜை மட்டும் படித்து என்ன தப்பு என்று உங்கள் டீம்மேட்டால் சொல்ல முடிகிறதா? முடிந்தால், அந்த டெஸ்ட் ரெடி.